கேளிக்கைப் பூங்காச் சுற்றுலாவும் பருவத் தேர்வும்

பள்ளி மாணவர்களைக் கேளிக்கைப் பூங்காக்களுக்கு அழைத்துச் செல்வது நம் நாட்டின் பல பகுதிகளிலும் வழக்கமாகிவிட்டது. தில்லியில் 1984-ஆம் ஆண்டு திறக்கப்பெற்று 2008 வரை இயங்கிய அப்பு கர், கொல்கத்தாவின் சால்ட் லேக் பகுதியில் 1991-இல் தொடங்கிய நிக்கோ பூங்கா ஆகியவை இத்துறையில் முன்னோடிகள். பின்னர் பெங்களூர், ஐதராபாத், மும்பையை அடுத்த கோபோலி முதலிய இடங்களிலும் பெரிய பூங்காக்கள் தோன்றின.

இத்தகைய சுற்றுலாவிற்கு நாள் குறிக்கும்போது விடுமுறையும் பேருந்து வசதியுமே பெரும்பாலும் கருதப்படுகின்றன. ஆனால், குழந்தைகள் ஆறேழு மணி நேரம் திறந்த வெளியில் நிற்கவும் நடக்கவும் போகிறார்கள். ஆகவே, அந்த மாதத்துக் காற்றின் வெப்பம், ஈரம், மழை, இடி ஆகியவற்றையும் அந்த நாளின் கூட்டத்தையும் சேர்த்து ஆராய்ந்தே நாளைத் தேர்தல் வேண்டும். அதற்கான முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

வெப்பமும் ஈரமும்

உடலில் தோன்றும் மிகை வெப்பம் பெரிதும் வியர்வை ஆவியாவதால் வெளியேறுகிறது. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்து வீணாகிறது; உடல் குளிர்வதில்லை.

இதனை அளக்க ஈரக் குமிழ் வெப்பமானி உதவுகிறது. வெப்பமானியின் குமிழை நனைந்த மெல்லிய துணியால் சுற்றி விசிறினால், நீர் ஆவியாவதற்கேற்ப அதன் அளவு இறங்கும். இறங்கி நிற்கும் அளவே ஈரக் குமிழ் வெப்பநிலை. இரண்டு நாள்களை ஒப்பிடுவோம். ஒரு நாளில் வெப்பநிலை 41 பாகை, ஈரப்பதன் 20 விழுக்காடு. இது தில்லியின் மே மாதப் பிற்பகலை ஒத்தது. அப்போது ஈரக் குமிழ் சுமார் 23 பாகை காட்டும். மற்றொரு நாளில் வெப்பநிலை 34 பாகை, ஈரப்பதன் 75 விழுக்காடு. இது கொல்கத்தாவின் சூன் மாதத்தை ஒத்தது. அப்போது ஈரக் குமிழ் சுமார் 30 பாகை காட்டும். வெப்பமானியில் ஏழு பாகை குறைந்த நாளே வியர்வை உலர்வதற்குக் கடினமான நாள் என்பது இதனால் விளங்கும்.

இதனைக் கொண்டு தில்லியின் மே மாதம் பாதுகாப்பானது எனக் கொள்ளலாகாது. 41 பாகைக் காற்று உடலைவிடச் சூடானது. குழந்தைகளின் உடற்பரப்பு, எடையோடு ஒப்பிட, பெரியவர்களினும் மிகுதி. எனவே சூடான காற்றிலிருந்து அவர்கள் விரைவாக வெப்பத்தை ஏற்கின்றனர். விளையாட்டு மகிழ்ச்சியில் நீர் அருந்தவும் மறந்துவிடுகின்றனர். உலர்ந்த வெப்பம், ஈர வெப்பம் இரண்டுமே விலக்கத்தக்கவை.

மழையும் இடியும்

மாத மழையின் மொத்த அளவைவிட, மழை நாள்களின் எண்ணிக்கையே சுற்றுலாவிற்குப் பயன் தருவது. 24 மணி நேரத்தில் 2.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெய்த நாளை இந்திய வானிலைத் துறை மழை நாள் எனக் கணக்கிடுகிறது. மும்பையில் சூலை மாதத்தில் சராசரியாக இருபதுக்கு மேற்பட்ட மழை நாள்கள் உண்டு. அதாவது, அம்மாதத்தில் எந்த நாளைக் குறித்தாலும் மூன்றில் இரண்டு பங்கு மழையை எதிர்பார்க்கலாம்.

இடி மழை மொத்த அளவில் சிறிதாயினும் ஆபத்தில் பெரிது. வங்காளத்தில் மார்ச்சு முதல் மே வரை பிற்பகலில் எழும் கால்பைசாகிப் புயல்கள் இதற்குச் சான்று. மின்னல் கண்டபின் 30 வினாடிக்குள் இடி கேட்டால், அது சுமார் பத்து கிலோமீட்டருக்குள் உள்ளது எனக் கொள்க. உடனே குழந்தைகளை உறுதியான கட்டடத்திற்குள் அழைத்துச் செல்லல் வேண்டும், மரத்தடியில் நிறுத்தலாகாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்த பின்னரே வெளியே வரலாம்.

வரிசையின் கணக்கு

ஓர் ஊர்தியில் 24 இருக்கைகள் உள்ளன. ஒரு சுற்றுக்கு ஏற்றி இறக்குவதுடன் 3 நிமிடம் ஆகிறது என வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 20 சுற்றுகள், அதாவது 480 பேர். முன்னால் 120 பேர் நின்றால் காத்திருப்பு 15 நிமிடம். 720 பேர் நின்றால் ஒன்றரை மணி நேரம். ஊர்தியின் ஆற்றல் மாறாதது; கூட்டம் பெருகப் பெருக வெயிலில் நிற்கும் நேரமே பெருகுகிறது. ஆகவே நல்ல பருவத்திலும் ஞாயிறு, திருவிழா நாள், ஆண்டிறுதி விடுமுறை ஆகியவற்றைத் தவிர்த்து, வாரத்தின் இடைநாளைத் தேர்தல் நன்று. கோடை விடுமுறையில் மிகு வெப்பமும் மிகு கூட்டமும் ஒருங்கே சேர்கின்றன என்பதைப் பெற்றோருக்கு எடுத்துக் கூறுதல் ஆசிரியர் கடமை.

ஊருக்கு ஏற்ற மாதங்கள்

தில்லி: திசம்பர் இறுதியிலும் சனவரியிலும் மூடுபனி பயணத்தைத் தடுக்கும், நவம்பரில் காற்று மாசு மிகுதி. பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச்சு நடு வரை ஏற்றது.

மும்பை, கோபோலி: மும்பையில் தென்மேற்குப் பருவக் காற்று இயல்பாகச் சூன் 11 அளவில் தொடங்கி அக்டோபர் முற்பகுதியில் விலகும். மேற்குத் தொடர்ச்சி மலையடியில் உள்ள கோபோலியில் மழை இன்னும் கடுமை. நவம்பர் இறுதி முதல் பிப்ரவரி வரை ஏற்றது.

கொல்கத்தா: திசம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்றது.

ஐதராபாத்: நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்றது.

பெங்களூர்: ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளதால் கோடை சற்றுத் தணிவு. எனினும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை மிகுதி. நவம்பர் இறுதி முதல் பிப்ரவரி வரை ஏற்றது.

வகுப்பறைப் பயிற்சி

மாணவர்களே பருவத்தைத் தேர்ந்தால் பாடம் நன்கு பதியும். வானிலைத் துறையின் முப்பதாண்டுச் சராசரிகளிலிருந்து தம் ஊருக்கான மாத உச்ச வெப்பநிலை, ஈரப்பதன், மழை நாள்கள் ஆகியவற்றைப் பன்னிரண்டு வரிசைகளில் எழுதச் செய்க. நான்காம் பத்தியில் விடுமுறை நாள்களையும் ஐந்தாம் பத்தியில் தேர்வுக் காலத்தையும் குறிக்கச் செய்க. குறையுள்ள மாதங்களை ஒவ்வொன்றாக அடித்துவிட்டால் எஞ்சுவது இரண்டு மூன்று மாதங்களே. ஈரக் குமிழ் அளவையும் பள்ளி முற்றத்தில் நாள்தோறும் பிற்பகல் இரண்டு மணிக்குக் குறித்து வரலாம்.

சராசரி என்பது பல ஆண்டுகளின் நடுநிலை. குறித்த ஒரு நாளுக்கு அது உறுதி தராது. ஆகையால் மாதத்தைச் சராசரியால் தேர்ந்து, நாளை முன்னறிவிப்பால் உறுதி செய்க. புறப்படுவதற்கு முன்னாள் மாலை வெப்ப அலை அல்லது இடி மழை எச்சரிக்கை வருமாயின் பயணத்தை ஒத்திவைக்கத் தயங்கலாகாது. இதற்கெனத் தொடக்கத்திலேயே மாற்று நாள் ஒன்றைக் குறித்து, பேருந்து உரிமையாளருக்கும் பெற்றோருக்கும் அறிவித்துவிடுதல் நலம். பூங்காவில் எந்தக் குழந்தையேனும் தலைவலி, மயக்கம், வாந்தி, குழப்பமான பேச்சு ஆகியவற்றைக் காட்டினால் நிழலுக்குக் கொண்டு சென்று, உடலை நீரால் நனைத்து விசிறி, தாமதமின்றி மருத்துவ உதவி பெறுதல் வேண்டும். ஒத்திவைத்த சுற்றுலாவைப் பின்னொரு நாள் நடத்திக்கொள்ளலாம். வெயிலால் வீழ்ந்த குழந்தைக்கு அத்தகைய மாற்று நாள் இல்லை.