செயலிக்கும் கவாத்து உண்டு

கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர்த் திராட்சைத் தோட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். கொடியைப் பந்தலில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. அறுவடைக்குப் பின் கவாத்து செய்தால்தான் அடுத்த காய்ப்பு. கைப்பேசிச் செயலியும் அப்படித்தான்.

செயலி தனித்து இயங்குவதில்லை. திரையில் எழுத்தைக் காட்டவும், விரல் தொட்ட இடத்தை அறியவும் இயங்குதளத்தின் உதவியைக் கேட்கிறது. இயங்குதளம் மாறினால் கேட்கும் முறையும் மாறலாம். அப்போது திருத்தப்படாத செயலி நின்றுவிடக்கூடும்.

மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன், கைப்பேசியில் தமிழில் எழுத உதவும் 'செல்லினம்' செயலியை உருவாக்கினார். 2005-ல் அது சிங்கப்பூரில் வெளியானது. அன்று புழங்கியவை பொத்தான் கைப்பேசிகள். 2007-ல் ஐபோனும் 2008-ல் ஆண்டிராய்டு கைப்பேசியும் வந்தன. பொத்தான்கள் மெல்ல மறைந்தன. செல்லினத்தையும் புதிய கைப்பேசிகளுக்கு ஏற்ப அமைக்க வேண்டியதாயிற்று.

பெரிய நிறுவனத்தில் இவ்வேலையைப் பலர் பகிர்ந்துகொள்வர். தனி ஒருவருக்கு எல்லாம் அவரே. செயலிக் கடைக்குத் தரகும் தரவேண்டும். சிறிய தயாரிப்பாளர்களுக்கு இதை ஆப்பிளும் கூகுளும் 2021-ல் 30 சதவீதத்திலிருந்து 15 ஆகக் குறைத்தன.

ஒரு கணக்குப் போடுவோம். செயலியின் விலை 50 ரூபாய். முதல் மாதம் 200 பேர் வாங்கினர். பிறகு எவரும் வாங்கவில்லை. 10,000 ரூபாயில் 15 சதவீதத் தரகு போக மீதி 8,500. ஓராண்டு பராமரித்தால் மாதத்துக்குச் சுமார் 708 ரூபாய்தான்!

ஆனால் திராட்சையை ஒருவர் வாங்கினால் அது தீர்ந்துவிடும்; செயலியின் பிரதி தீராது. 20,000 பேர் வாங்கினாலும் அதை எழுதிய உழைப்பு ஒன்றே. அப்போது வருவாய் எத்தனை மடங்கு? கணக்கிட்டுப் பாருங்கள். இத்தொழிலின் ஏற்ற இறக்கம் ஏன் என்பது விளங்கும்.