ஆராய்ச்சியோடு இணைந்த இயற்பியல் – வானியல் கல்வி

இயற்பியலின் விதிகளை நூல் வாயிலாகக் கற்பிக்கலாம். அவ்விதிகளைக் கண்டறியும் முறையை நூல் மட்டுமே கற்பித்துவிட இயலாது. பாடநூலில் காணும் எண் ஒவ்வொன்றும், ஒருவர் அளந்து, ஐயுற்று, பிழையைக் கணக்கிட்டு, மீண்டும் அளந்து பெற்ற முடிவாகும். இம்முயற்சி அன்றாடம் நடைபெறும் துறையில் பயிலும் மாணவர் பாடத்துடன் அதன் பிறப்பையும் அறிகிறார். எனவே, பல்கலைக் கழகத் துறைகளில் கற்பித்தலும் ஆராய்ச்சியும் ஒன்றாக நிகழ்வது உயர் கல்வியின் தரத்தைப் பொறுத்த அடிப்படைத் தேவையாகும்.

வகுப்பறையில் முளைத்த கொள்கை

கற்பித்தல் ஆராய்ச்சிக்கு இடையூறு என்னும் கருத்து பலரிடம் உண்டு. மேகநாத சாஹாவின் வாழ்க்கை இதனை மறுக்கிறது. கணிதம் பயின்ற அவர், கல்கத்தா பல்கலைக் கழகத்தில் இயற்பியல் விரிவுரையாளரானபோது, வெப்ப இயக்கவியலை மாணவர்களுக்குக் கற்பிக்கும் பொருட்டுத் தாமே முயன்று கற்றார். அந்த அறிவை அணு இயற்பியலுடன் இணைத்து, 1920-இல் வெப்ப அயனியாக்கக் கொள்கையை வெளியிட்டார்.

விண்மீன்களின் நிறமாலைகள் ஒன்றுக்கொன்று வேறுபடுவதற்கு அவற்றின் வெப்பநிலையே முதன்மைக் காரணம் என்பதை இக்கொள்கை விளக்கிற்று. ஏறத்தாழ 10,000 கெல்வின் வெப்பநிலையுள்ள விண்மீன்களில் ஹைட்ரஜன் கோடுகள் மிக வலுவாகத் தோன்றுகின்றன. 5,800 கெல்வின் அளவிலுள்ள சூரியனில் அவை அத்துணை வலுவாக இல்லை. சூரியனில் ஹைட்ரஜன் குறைவு என்பது இதன் பொருளன்று; அக்கோடுகளைத் தோற்றுவிக்கத்தக்க கிளர்ச்சி நிலையை எய்திய அணுக்கள் அங்கு மிகச் சில என்பதே பொருள். ஆய்வுக்கூடத்து விதி விண்மீனுக்கும் பொருந்தும் என்பதை மாணவர் உணர இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

உஸ்மானியாவின் அனுபவம்

ஐதராபாத்தில் நவாப் ஜஃபர் ஜங் 1901-இல் தொடங்கிய நிஜாமியா வான்காட்சி நிலையம், 1908-இல் நிஜாம் அரசின் பொறுப்புக்கு வந்தது. 1919-இல் உஸ்மானியா பல்கலைக் கழகத்துடன் இணைந்தது. வானம் முழுவதையும் புகைப்படமாக்கி விண்மீன் அட்டவணை தயாரிக்கும் பன்னாட்டுத் திட்டத்தில் அந்நிலையம் பங்கேற்று, 7 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இடங்களை அளந்தது. அங்குப் பணியாற்றியவரின் மகனான வைணு பாப்பு, பின்னாளில் தமிழ்நாட்டின் காவலூரில் வான்காட்சி நிலையம் அமைத்த வானியலறிஞரானார். உஸ்மானியாவில் வானியலுக்கெனத் தனித்துறை தோன்றியபின், ஜாபல்–ரங்காபூரில் 48 அங்குலத் தொலைநோக்கி 1968-இல் நிறுவப்பட்டது. 1980 பிப்ரவரி 16-ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தின்போது அவ்விடம் முக்கிய ஆய்வுத்தளமாயிற்று.

ஓர் இரவு தரும் பாடம்

அத்துறை நெடுங்காலம் ஈடுபட்ட ஆய்வுகளுள் ஒன்று, ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீன்களைப் பற்றியது. இத்தகைய விண்மீனின் ஒளி குறிப்பிட்ட கால இடைவெளியில் மங்கி மீள்கிறது. அதன் ஒளி வரைபடத்திலிருந்து சுற்றுக் காலத்தையும் இரு விண்மீன்களின் ஒப்பு ஆரங்களையும் கணிக்கலாம். நிறமாலையிலிருந்து கிடைக்கும் திசைவேகங்களையும் சேர்த்துக் கொண்டால் அவற்றின் நிறைகளும் தெரியவரும்.

இதனை அளக்க முற்படும் மாணவர், முதலில் காற்று மண்டலம் விழுங்கும் ஒளிக்குத் திருத்தம் காண வேண்டும். மாறா ஒளியுடைய அண்டை விண்மீனுடன் ஒப்பிட வேண்டும். 10,000 ஒளித்துகள்களை எண்ணினால் இயல்பாக நேரும் பிழை ஏறத்தாழ 100, அதாவது 1 சதவீதம். பிழையைப் பத்தில் ஒரு பங்காக்க 10 லட்சம் ஒளித்துகள்கள் தேவை. பெரிய தொலைநோக்கி ஏன் வேண்டும், நீண்ட நேரம் ஏன் காத்திருக்க வேண்டும் என்ற கேள்விகளுக்கு விடை இக்கணக்கிலேயே உள்ளது.

பொதுக் கருவி, பொதுப் பயன்

பெருங்கருவிகளின் விலையும் பராமரிப்பும் தனியொரு பல்கலைக் கழகத்தின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டவை. அவை தனி ஆராய்ச்சி நிறுவனங்களில் மட்டும் குவியுமானால், மாணவர் நிறைந்த பல்கலைக் கழகங்களில் கருவி இராது. கருவியுள்ள இடங்களில் மாணவர் இரார். இக்குறையைக் களையும் நோக்குடன், பல்கலைக் கழக மானியக் குழு 1988-இல் பல்கலைக் கழகங்களுக்கு இடையேயான வானியல், வானியற்பியல் மையத்தைப் புணேயில் நிறுவியது. ஜயந்த் நார்லிகர் அதன் முதல் இயக்குநர். பல்கலைக் கழக, கல்லூரி ஆசிரியர்கள் தம் பணியில் இருந்துகொண்டே அங்குச் சென்று ஆராய ‘வருகை இணையாளர்’ முறை வழிவகுத்தது. கிராவலியில் அம்மையத்தின் 2 மீட்டர் தொலைநோக்கி 2006-இல் தொடங்கப்பெற்றது. நாராயண்காவ் அருகில் 45 மீட்டர் விட்டமுள்ள 30 அலைவாங்கிகளைக் கொண்ட மாபெரும் ரேடியோ தொலைநோக்கியில், ஆய்வுத் திட்டத்தின் தகுதி நோக்கியே நேரம் ஒதுக்கப்படுகிறது. 2015-இல் ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோள் திரட்டிய விவரங்கள் ஆவணக் காப்பகத்தின் வழியே சிறிய கல்லூரிக்கும் எட்டுகின்றன.

செய்ய வேண்டுவன

வசதிகள் பெருகிய பின்னரும் எஞ்சி நிற்பது துறையின் உள்ளமைப்பே. தொலைநோக்கி வாங்குவதற்கு ஒதுக்கும் நிதியுடன், அதனைப் பழுது பார்க்கும் தொழில்நுட்பப் பணியாளருக்கும் பட்டறைக்கும் ஆண்டுதோறும் நிதி வேண்டும். ஆசிரியரின் கால அட்டவணையில் ஆராய்ச்சிக்குரிய நேரம் இடம்பெற வேண்டும். செய்முறைத் தேர்வில் எதிர்பார்த்த விடைக்கு மட்டும் மதிப்பெண் வழங்கினால், மாணவர் விடைக்கேற்ப அளவீட்டைத் திருத்தக் கற்பார். பிழையை நேர்மையாக மதிப்பிட்டவருக்கு உரிய மதிப்பெண் கிடைக்குமாயின், அளவீட்டை மதிக்கும் மனப்பான்மை வளரும்.

இத்துறைகளில் பயில்வோர் அனைவரும் வானியலறிஞர் ஆவதில்லை. பலர் ஆசிரியராகவும் பொறியியல், கணினிப் பணியாளராகவும் அரசு அலுவலராகவும் செல்கின்றனர். ஓர் எண்ணை ஏற்குமுன் அது எவ்வாறு அளக்கப்பட்டது, எவ்வளவு நம்பத்தக்கது என்று வினவும் பழக்கத்தை அவர்கள் உடன் கொண்டு செல்வார்களாயின், அதனால் நிர்வாகமும் திட்டமிடலும் பெறும் பயன் சிறிதன்று.