முன்னோர் மனையில் வெள்ளைக்காரர் காலத்துக் காசு: தேடலாமா, எடுக்கலாமா?

கேள்வி: ஆந்திரத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பிச்சாட்டூர் அருகே பாட்டனார் காலத்து வீடு ஒன்று இடிந்து கிடக்கிறது. மனையின் ஒரு பகுதி இன்னும் குடும்பத்தின் பெயரில் இருக்கிறது; ஒரு பகுதி விற்றாகிவிட்டது; பின்புறம் புறம்போக்கு. மெட்டல் டிடெக்டர் வைத்து அங்கே பிரிட்டிஷ் காலத்து நாணயம், பாத்திரம், பொத்தான் போன்றவற்றைத் தேடலாமா? கிடைப்பது குடும்பத்துக்குச் சொந்தமாகுமா?

பதில்: மண்ணுக்குள்ளிருந்து கிடைக்கும் பழம்பொருள் யாருக்கு உரியது என்பதை இந்தியாவில் முதன்மையாகத் தீர்மானிப்பது 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம். மண்ணிலோ, மண்ணோடு இணைந்த கட்டுமானத்திலோ மறைந்திருக்கும் மதிப்புள்ள எந்தப் பொருளும் இச்சட்டப்படி புதையல்தான். குடம் நிறையப் பொன் இருந்தால்தான் புதையல் என்ற எண்ணம் தவறு. கிடைத்ததை அறிவிப்பதற்குச் சட்டத்தின் மூல வாசகம் வைத்திருக்கும் வரம்பு பத்து ரூபாய். 1878இல் அது கணிசமான தொகை. இன்றோ ஒற்றை விக்டோரியா வெள்ளி ரூபாயே அந்த வரம்பைப் பல மடங்கு தாண்டிவிடும். அந்த நாணயத்தின் எடை 11.66 கிராம், அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் வெள்ளி. ஆகவே சுவர் இடுக்கில் ஒரே ஒரு ரூபாய் அகப்பட்டாலும் அதைப் புதையலாகவே கருதி நடந்துகொள்வது பாதுகாப்பானது.

கருவியைப் பற்றி இந்தச் சட்டம் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் வழியில்லை. உடலுக்குள் பாய்ந்த குண்டைத் தேட கிரகாம் பெல் மின்காந்தக் கருவியை அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டின் மேல் வைத்துப் பார்த்ததே 1881இல்தான். சட்டம் கேட்பவை வேறு: எந்த நிலத்தில் தோண்டப்பட்டது, என்ன கிடைத்தது, கிடைத்ததும் என்ன செய்யப்பட்டது. கையில் டிடெக்டர் இருப்பது இந்தக் கேள்விகளுக்கான விடையை மாற்றாது.

முதலில் நிலம். கேள்வியில் சொல்லப்படும் மூன்று துண்டுகளுக்கும் மூன்று வேறு நிலைகள் உண்டு. குடும்பத்தின் பெயரில் பட்டா உள்ள மனையில் குடும்பத்தார் தோண்டுவதை இச்சட்டம் தடுக்கவில்லை. விற்றுவிட்ட பகுதியில், முன்னோர் வாழ்ந்த இடம் என்ற காரணம் செல்லாது. இன்றைய உரிமையாளரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். இல்லாமல் நுழைந்து தோண்டினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 329ஆம் பிரிவுப்படி அத்துமீறல், கிடைத்ததை எடுத்து வைத்துக்கொண்டால் 314ஆம் பிரிவுப்படி கையாடல் என்ற புகார்கள் வரலாம். புறம்போக்கு அரசுக்குச் சொந்தம். அணை, கால்வாய், சாலை ஆகியவற்றுக்காக எடுக்கப்பட்ட நிலமும் அப்படியே. ஆரணியாற்று அணைப் பகுதியில் ஒரு காலத்தில் நிலம் வைத்திருந்த குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும்: நிலம் சட்டப்படி கையகமான நாளிலேயே பழைய உரிமை முழுவதும் நீங்கிவிடுகிறது. பக்கத்து மலைக்காடு காப்புக்காடாக இருந்தால் வனச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். அங்கே மண்ணைக் கிளறுவதே குற்றம்.

இந்தப் பகுதிக்கே உரிய இன்னொரு சிக்கல் ஜமீன். புத்தூர், நாராயணவனம் பக்கமெல்லாம் கார்வேட்டிநகரம் ஜமீனோடு தொடர்புடையவை. “எங்கள் தாத்தா ஜமீனில் பெரிய ஆள், அந்தக் கச்சேரிக் கட்டடம் எங்களுடையது” என்று பல வீடுகளில் சொல்லப்படுகிறது. 1948ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட் ஒழிப்புச் சட்டப்படி, அறிவிக்கப்பட்ட நாளில் எஸ்டேட் முழுவதும் அரசிடம் போய்ச் சேர்ந்தது. அதன்பின் ரயத்துவாரி பட்டா வாங்கியவர்களுக்கு மட்டுமே அந்தந்த நிலத்தில் உரிமை. குடும்ப நினைவு எவ்வளவு உண்மையாக இருந்தாலும், பட்டா இல்லாத இடத்தில் அது உரிமை ஆகாது.

உரிமையைச் சரிபார்க்க அடங்கல், 1பி உரிமைப் பதிவு, எஃப்.எம்.பி. நில அளவை வரைபடம், வில்லங்கச் சான்று ஆகியவை வேண்டும். ஊர்க் குடியிருப்பு மனை என்றால் ‘கிராமகண்டம்’ என்று பதிவாகியிருக்கும். அப்போது தனிப்பட்ட பட்டா இல்லாமலும் போகலாம், அனுபவத்தைக் காட்டும் வீட்டு வரி ரசீதுகள் முக்கியமாகும். எல்லைப் பகுதி என்பதால் பழைய காகிதங்கள் ஒரே இடத்தில் இருக்காது. சித்தூர் மாவட்டம் 1911இல் உருவானது. 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரமும் சென்னை மாநிலமும் எல்லைக் கிராமங்களை மாற்றிக்கொண்டன. 2022 ஏப்ரல் 4 முதல் பிச்சாட்டூர் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. சித்தூரில் கிடைக்காத பதிவு சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கிடைப்பதுண்டு.

இனி, பொருள் கிடைத்த பின் என்ன? சட்டத்தின் 4ஆம் பிரிவு, கண்டெடுத்தவர் கூடிய விரைவில் கலெக்டருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்கிறது. என்ன பொருள், தோராயமாக என்ன மதிப்பு, எந்த இடம், எந்த நாள் என்பவை அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். பொருளை அருகிலுள்ள அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது கேட்கும்போது கொண்டுவந்து காட்டுவதாகக் கலெக்டர் ஏற்கும் பிணையம் கொடுக்க வேண்டும். பிறகு கலெக்டர் பொது அறிவிப்பு வெளியிடுவார். உரிமை கோருவோர் ஆஜராவதற்கான நாள் அந்த அறிவிப்பிலிருந்து நான்கு மாதத்துக்குக் குறையாமலும் ஆறு மாதத்துக்கு மிகாமலும் குறிக்கப்படும். அன்று வராதவர் தம் உரிமையை இழப்பார். வெளியூரிலும் வெளிநாட்டிலும் உள்ள பங்காளிகள் பலரும் கோட்டைவிடுவது இந்த நாளைத்தான்.

குடும்பத் தொடர்பு உண்மையிலேயே பயன்படும் ஒரே இடம் 8ஆம் பிரிவு. கண்டெடுத்த நாளுக்கு முந்தைய நூறு ஆண்டுகளுக்குள், உரிமை கோருபவரோ அவர் யார் வழியாக உரிமை கோருகிறாரோ அவரோ அதை மறைத்து வைத்தார் என்று நம்பக் கலெக்டருக்குக் காரணம் இருந்தால், சிவில் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து உரிமையை நிலைநாட்ட அவகாசம் தருவார். வழக்கில் வென்றால் பொருள் குடும்பத்துடையது. அங்கே பங்கு பிரிக்கும் பேச்சே இல்லை.

இந்த நூறு ஆண்டுக் கணக்கைப் பலரும் கவனிப்பதில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில், அல்லது விக்டோரியா ராணி காலத்தில், கொள்ளுப்பாட்டன் புதைத்தது என்று உறுதியாகவே தெரிந்தாலும், வாரிசு என்ற முறையில் கோரும் கதவு மூடிவிட்டது. பிரிட்டிஷ் ஆட்சியின் கடைசிக் கட்டத்தில் மறைத்தவற்றுக்கு மட்டும் அது திறந்திருக்கிறது. ஜப்பான் குண்டுக்குப் பயந்து 1942 ஏப்ரலில் சென்னையை விட்டுச் சொந்த ஊர்களுக்குப் போனவர்கள் பலர். அப்படி வந்த ஒரு தாத்தா வெள்ளி ரூபாய்களை அடுப்பங்கரையில் புதைத்து வைத்திருந்தால், பேரப்பிள்ளைகள் அதைச் சட்டப்படி கேட்கலாம். ஆனால் ஆதாரம் வேண்டும். நாட்குறிப்பு, கடிதம், பாகப்பிரிவினைப் பத்திரம், நேரில் அறிந்த முதியவரின் வாக்குமூலம் ஆகியவை உதவும். நாணயங்களே பாதிச் சாட்சி சொல்லும்: பானையில் உள்ள கடைசி நாணயத்தின் ஆண்டுக்கு முன்னால் அந்தப் பானை புதைக்கப்பட்டிருக்க முடியாது. ஆறாம் ஜார்ஜ் உருவம் பதித்த 1940ஆம் ஆண்டு ரூபாய் ஒன்று உள்ளே இருந்தால், வழக்கின் திசையே மாறும். அதனால்தான் கிடைத்ததைப் பிரிக்காமல், கலக்காமல், கழுவாமல் அப்படியே வைக்க வேண்டும்.

நூறு ஆண்டைக் கடந்தது, அல்லது உரிமை நிறுவப்படாதது, ‘உரிமையாளர் இல்லாத புதையல்’ என்று அறிவிக்கப்படும். அப்போதும் குடும்பம் வெறுங்கையோடு போவதில்லை. கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கு, நிலத்தின் உரிமையாளருக்கு நான்கில் ஒரு பங்கு என்று 11ஆம் பிரிவு பிரிக்கிறது. இருவருக்கும் இடையே முன்பே ஒப்பந்தம் இருந்தால் அதன்படி பிரிக்கப்படும். பக்கத்து மனைக்காரரின் சம்மதத்தோடு தேடுபவர், அல்லது கூலியாட்களை வைத்து அஸ்திவாரம் பறிப்பவர், வேலை தொடங்குமுன் ஒரு தாளில் இதை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வது நல்லது. வரலாற்று மதிப்புள்ள பொருளை அரசே வைத்துக்கொள்ள விரும்பினால், 16ஆம் பிரிவுப்படி உலோக மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் கூட்டிக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். அரிய நாணயத்துக்கு இது சந்தை விலையைவிடக் குறைவு. அது இச்சட்டத்தின் பெரிய குறை. நேர்மையாக அறிவிப்பவருக்குத் தரும் ஈடு உயர்த்தப்படவே வேண்டும்.

நில உரிமையாளரின் பங்கு கூட்டுக் குடும்பச் சொத்தில் எல்லாப் பங்காளிகளுக்கும் சேரும், பெண்களையும் சேர்த்துத்தான். ஆந்திரத்தில் 1985 செப்டம்பர் 5 முதலே மாநிலத் திருத்தம் அப்போது மணமாகாத மகள்களுக்குப் பிறப்புரிமை தந்தது. 2005இல் நாடு முழுவதும் எல்லா மகள்களுக்கும் அது வந்தது. அத்தைமாருக்குத் தெரியாமல் இரவில் தோண்டும் குடும்பம் இரண்டு சட்டங்களில் சிக்குகிறது.

மறைத்தால் என்ன ஆகும் என்பதை 20, 21ஆம் பிரிவுகள் சொல்கின்றன. அறிவிக்காதவர், ஒப்படைக்காதவர், அடையாளம் தெரியாதபடி பொருளை உருக்கியவர் அல்லது மாற்றியவர் தம் பங்கை அரசிடம் இழப்பார். ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ உண்டு. உடந்தையான நில உரிமையாளருக்குச் சிறை ஆறு மாதம் வரை. அறிவித்தால் முக்கால் பங்காவது கிடைக்கக்கூடிய பொருளை, அறிவிக்காமல் முழுவதும் இழப்பது வீண்.

குடும்பத் தொடர்பு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு உத்தரப் பிரதேசத்தின் உன்னாவ் மாவட்டத்து தவுண்டியா கேடா நல்ல எடுத்துக்காட்டு. 1857 எழுச்சிக்காக ஆங்கிலேயரால் தூக்கிலிடப்பட்ட ராஜா ராவ் ராம்பக்ஷ் சிங்கின் கோட்டை அது. அங்கே ஆயிரம் டன் தங்கம் இருப்பதாக ஒரு சாமியார் கனவு கண்டார். புவியியல் ஆய்வுத் துறை நிலத்தைச் சோதித்தபின், 2013 அக்டோபரில் இந்தியத் தொல்லியல் துறை அகழத் தொடங்கியது. ராஜாவின் வழித்தோன்றல்கள் என்று வந்தவர்கள் பங்கு கேட்டார்கள். கடைசியில் பானை ஓடுகளும் அதுபோன்ற பழம்பொருட்களும் வந்தன, தங்கம் வரவில்லை. தங்கம் வந்திருந்தாலும், 150 ஆண்டுக்கு மேற்பட்ட அந்தப் புதையலில் வழித்தோன்றல்களுக்கு 8ஆம் பிரிவு உதவியிருக்காது. ஆந்திரத்திலேயே 2017 டிசம்பரில் கர்நூல் மாவட்டம் சென்னம்பள்ளிக் கோட்டையில் அதிகாரிகள் மேற்பார்வையில் புதையல் தேடல் நடந்தது. ஊர் மக்கள் எதிர்த்தனர்.

புதையல் சட்டத்தோடு 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டமும் சேர்ந்து வரும். நூறு ஆண்டு பழமையான நாணயம், சிற்பம், கலைப்பொருள் முதலியன ‘தொல்பொருள்’. வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துச் சுவடிக்கு 75 ஆண்டு போதும். இவற்றைத் தனியார் நாட்டை விட்டு எடுத்துச் செல்ல முடியாது. மீறினால் குறைந்தது ஆறு மாதம், கூடியது மூன்று ஆண்டுச் சிறை. சிங்கப்பூரிலிருந்தோ லண்டனிலிருந்தோ ஊருக்கு வரும் பேரன், நினைவாக ஒரு கம்பெனிக் காசைப் பெட்டியில் வைத்துக்கொண்டு விமானம் ஏறுவதும் இதில் அடங்கும். இங்கிலாந்தில் டிடெக்டர் பொழுதுபோக்கு பரவலானது, கண்டெடுத்ததைப் பதிவு செய்ய அங்கே தனி ஏற்பாடும் உண்டு. அந்தப் பழக்கத்தை இங்கே அப்படியே கொண்டுவர முடியாது.

பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் அருகே இருந்தால் கதையே வேறு. சந்திரகிரிக் கோட்டை, குடிமல்லம் கோயில் போன்ற மத்தியப் பாதுகாப்பில் உள்ள இடங்களில் உரிமம் இல்லாமல் அகழவே கூடாது. பாதுகாக்கப்படாத இடத்திலும், தொல்லியல் நோக்கில் அகழ மாநில அரசே மத்திய அரசின் முன் அனுமதி பெற வேண்டும் என்று 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு சொல்கிறது. ஆந்திரத்துக்கு 1960ஆம் ஆண்டின் தனிச் சட்டமும் உண்டு. நாகலாபுரம், சுருட்டப்பள்ளி போன்ற பழங்கோயில் ஊர்களில் கோயில் நிலத்தைத் தொட்டால், போலீஸ் அதைப் பொழுதுபோக்காகப் பார்க்காது. ‘குப்தநிதி’ என்று புதையல் தேடுவோர் கோயில்களை உடைத்துப் போட்ட அனுபவம் இந்த வட்டாரத்துக்கு நிறைய உண்டு; இரவில் டிடெக்டரோடு திரிபவரை ஊரே சந்தேகிக்கும்.

துருப்பிடித்த பீரங்கிக் குண்டு அல்லது வெடிகுண்டு போன்றது தென்பட்டால் தொடக்கூடாது. போலீஸுக்குச் சொல்ல வேண்டும். பயன்படுத்தவே முடியாத பழைய துப்பாக்கிக்கு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்கு தருகிறது, ஆனால் முடியுமா முடியாதா என்று தீர்மானிப்பவர் கண்டெடுத்தவர் அல்ல. இன்னொன்று: ராமர், அனுமார் உருவத்தோடு ‘1818 கிழக்கிந்தியக் கம்பெனி’ என்று பொறித்த செப்புக் காசுகளைக் கம்பெனி வெளியிடவே இல்லை. இரிடியம் உள்ளது, அரிசியை இழுக்கும் (ரைஸ் புல்லிங்) சக்தி உள்ளது என்று சொல்லி அவற்றை லட்சங்களுக்கு விற்பவர்கள் மோசடிக்காரர்கள்.

தன் பட்டா மனையில் தேட விரும்புபவர் பகலில், பங்காளிகளுக்குத் தெரிவித்து, கிராம வருவாய் அலுவலருக்கும் (வி.ஆர்.ஓ.) தாசில்தாருக்கும் முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுத்துவிட்டுத் தேடட்டும். ஏதாவது கிடைத்தால் அந்த இடத்திலேயே படம் எடுத்து, எவ்வளவு ஆழத்தில் எந்தச் சுவருக்கு அருகே கிடைத்தது என்று குறித்து, கூட ஏதேனும் பானை ஓடோ ஓலையோ இருந்தால் அதையும் எடுத்துவைக்க வேண்டும். புறம்போக்கிலும் விற்ற மனையிலும் சம்மதமின்றிக் கால் வைக்க வேண்டாம். 4ஆம் பிரிவின் கீழான அறிவிப்பைச் சித்தூர் முகவரிக்கு அனுப்பினால் நாள்தான் வீணாகும். அது திருப்பதி மாவட்டக் கலெக்டருக்குப் பதிவுத் தபாலில் போக வேண்டும், ஒரு நகலைப் பிச்சாட்டூர் தாசில்தார் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை முத்திரை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.