முள் ஆடினால் தண்ணீர் ஊற்றினால் போதுமா?

வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் தேசிய நெடுஞ்சாலை 38-இல் கண்ணமங்கலம் வரை எந்தக் காரும் பெரிதாக முரண்டு பிடிப்பதில்லை. அங்கிருந்து போளூர் போய், ஜமுனாமரத்தூருக்கு மலை ஏறத் தொடங்கும்போதுதான் சாயம் வெளுக்கும். சித்திரை வெயில், உள்ளே ஏசி, பின் சீட்டில் நெருக்கியடித்து நான்கு பேர், இரண்டாவது கியர். வெப்பநிலை முள் பாதியைத் தாண்டி மேலே போகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. வண்டியை ஓரங்கட்டினால் யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் பாதி அம்பாசடர் காலத்துடையவை; சில அந்தக் காலத்துக்கே பொருந்தாதவை.

முதலில் வருவது, “முள்ளுன்னா கொஞ்சம் ஆடத்தான் செய்யும்” என்ற சமாதானம். பழைய கார்களில் இது ஓரளவு சரி. சென்சார் சொன்னதை முள் அப்படியே காட்டியது. இன்றைய கார்கள் பலவற்றில் முள் அத்தனை நேர்மையானது அல்ல. எஞ்சின் கணினி அதை வேண்டுமென்றே நடுவில் நிறுத்தி வைக்கிறது. கூலன்ட் 80 டிகிரியில் இருந்தாலும் 100-ஐத் தொட்டாலும் முள் அசையாது. ஓட்டுநர் வீணாகப் பதறக் கூடாது என்று செய்த ஏற்பாடு. அப்படிப்பட்ட காரில் முள் ஆடுகிறது என்றால் ஒன்று வெப்பம் நிஜமாகவே எல்லை மீறுகிறது, அல்லது ஒயரிங்கில் கோளாறு. இரண்டையும் பிரித்தறிய ஸ்கேனரைச் செருகி உண்மையான டிகிரியைப் படித்துவிடலாம். ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் ரேடியேட்டரைக் கழற்றுவதுதான் பல பட்டறைகளின் வழக்கம்.

ஸ்கேனர் இல்லாவிட்டாலும் முள் எப்போது ஆடுகிறது என்பதே பாதி விடை. நெரிசலில் நிற்கும்போது ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் ரேடியேட்டர் ஃபேன், அதன் ரிலே, ஃபியூஸ் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வேகத்திலும் ஏற்றத்திலும் மட்டும் ஏறினால் அடைத்த ரேடியேட்டர், குறைந்த கூலன்ட், தேய்ந்த வாட்டர் பம்ப் ஆகியவற்றின் மேல்தான் சந்தேகம். ஹெட்லைட் போட்டதும் முள் குதித்தால் எஞ்சினைத் தொடவே வேண்டாம். எர்த் ஒயர் துருப்பிடித்திருக்கும். பழைய கார்களில் பெட்ரோல் முள்ளும் கூடவே ஆடினால், இரண்டு முள்ளுக்கும் மின்சாரம் தரும் பொது இணைப்பில்தான் கோளாறு.

“நம்ம ஊர் சூட்டுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு? எடுத்துப் போடுங்க.” தமிழ்நாட்டில் இதைவிடப் பிடிவாதமான நம்பிக்கை இல்லை. தெர்மோஸ்டாட் என்பது மெழுகு அடைத்த சிறு வால்வு. 82 அல்லது 88 டிகிரி போன்ற குறிப்பிட்ட சூட்டில் மெழுகு விரிந்து வழி திறக்கும். அதற்கு முன் கூலன்டை எஞ்சினுக்குள்ளேயே சுற்ற விடும். அதை எடுத்துவிட்டால் எஞ்சின் உரிய சூட்டை எட்டாமலே ஓடும். இன்னும் சூடாகவில்லை என்று நம்பும் கணினி பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும், ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகாது. இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை அடைக்கவும் செய்யும். அதைக் கழற்றியதும் கூலன்டில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் திரும்பிவிடும். சூட்டுக்குப் பயந்து எடுத்தது சூட்டையே கூட்டும்.

பழுதான தெர்மோஸ்டாட்டைக் கண்டுபிடிக்கப் பெரிய வித்தை தேவையில்லை. திறந்தபடி சிக்கியிருந்தால் மலை இறக்கத்தில் முள் சட்டென்று விழுந்து, சமதளத்தில் மெல்ல ஏறும். பாதி திறந்து சிக்கினால் ஏறி இறங்கி ஊசலாடும். கழற்றி, தண்ணீர்ப் பாத்திரத்தில் ஒரு வெப்பமானியோடு தொங்கவிட்டு அடுப்பில் வைத்தால், எந்த டிகிரியில் வாய் திறக்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

மலை மேலே காற்று குளிர்ச்சி, எஞ்சின் சூடாகாது என்பதும் அரை உண்மைதான். ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97, 98 டிகிரியிலேயே கொதித்துவிடும். காரில் அப்படிக் கொதிக்காமல் காப்பது ரேடியேட்டர் மூடி. குக்கரின் வெயிட் போல அது உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. மூடியின் மேல் 0.9 என்றோ 1.1 என்றோ பொறித்திருப்பது அந்த அழுத்தத்தைத்தான். ஒழுங்கான மூடி இருந்தால் வெறும் தண்ணீரே ஏறக்குறைய 120 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் ஏற்றத்தில் உள்ளே ஆவிக் குமிழிகள் கிளம்பும். முள் துடிப்பது அவற்றால்தான். பெரிய செலவு வைக்காத இந்த மூடியைக் கடைசியில்தான் சந்தேகிக்கிறார்கள்.

குறைந்த கூலன்டுக்குப் பதில் போர் தண்ணீர் ஊற்றுவது அவசரத்துக்குத் தவறில்லை. அதையே பழக்கமாக்கினால் உப்பு படிந்து ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள் அடைபடும், அலுமினியம் அரிக்கும். “அப்போ முழுக்க கூலன்டே ஊத்திடலாமே” என்பதும் சரியில்லை. கூலன்டின் மூலப்பொருளான கிளைக்கால், தண்ணீர் கலக்காவிட்டால், தண்ணீர் அளவுக்கு வெப்பத்தைச் சுமக்காது. செறிவான கூலன்டை வாலை வடிநீரோடு சரிபாதி கலப்பதுதான் பெரும்பாலான கார்களுக்குப் பொருத்தம். டப்பாவில் ‘கலந்தது’ என்றிருந்தால் அப்படியே ஊற்றலாம்.

கூலன்ட் மாற்றிய மறுநாளே முள் ஆடத் தொடங்கினால் ஏர் லாக்தான், அதாவது உள்ளே சிக்கிய காற்றுதான் முதல் சந்தேகம். எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஃபேன் ஒருமுறை சுற்றி நிற்கும் வரை ஓடவிட்டால் காற்று குமிழியாக வெளியேறும். பிளீடர் திருகு இருந்தால் அதையும் தளர்த்தலாம். எத்தனை முறை செய்தும் குமிழி நிற்கவில்லையென்றால், அல்லது குளிர்ந்த எஞ்சினை எழுப்பிய சில நிமிடங்களிலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகினால், ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். அப்போது செலவுக்குத் தயாராக வேண்டியதுதான்.

ஏறிய முள் தானாக இறங்கினால் ஆபத்து நீங்கியது என்று நினைப்பது எல்லாவற்றிலும் மோசம். சென்சாரின் நுனி கூலன்டில் மூழ்கியிருந்தால்தான் அது சரியாக அளக்கும். ஹோஸ் கிழிந்து கூலன்ட் மொத்தமும் வழிந்துவிட்டால் சென்சார் வெறும் காற்றில் நிற்கும். எஞ்சின் வேகும், முள் கீழே போகும். பாதி மலையில் முள் உச்சிக்குப் போய்ச் சட்டென்று விழுந்து, ஹீட்டரிலும் குளிர்ந்த காற்றே வந்தால் எஞ்சினை அங்கேயே நிறுத்த வேண்டும். அரை மணி நேரமாவது மூடியைத் தொடக் கூடாது, கொதிக்கும் எஞ்சினுக்குள் குளிர்ந்த நீரும் ஊற்றக் கூடாது. சிலிண்டர் ஹெட் விரிசல் விடும்.