தகப்பன்மார் தினம் எப்படி உண்டாயிற்று?



ஜூன் மாதம் மூன்றாம் ஞாயிறு நெருங்கும்போது, "பாஸ்டர், இந்த ஃபாதர்ஸ் டே வேதத்துல இருக்கா? கடைக்காரங்க உண்டாக்கினதுதானே?" என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். அப்படி ஒரு நாள் வேதத்தில் இல்லை. ஆனால் பெற்றோரைக் கனம்பண்ணும் கட்டளை இருக்கிறது (யாத். 20:12). இந்த நாள் முதலில் அனுசரிக்கப்பட்டதும் ஒரு சபையில்தான். அதுவும் கண்ணீரோடு!

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாகாணத்தில் மொனாங்கா என்ற ஊர். 1907 டிசம்பர் 6-ம் தேதி அங்குள்ள நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. 360-க்கும் அதிகமானோர் மாண்டார்கள். அவர்களில் அநேகர் பிள்ளைகுட்டிக்காரர்கள். ஏறக்குறைய ஆயிரம் பிள்ளைகள் ஒரே நாளில் தகப்பனில்லாதவர்களானார்கள். பக்கத்து ஊரான ஃபேர்மாண்டில் இருந்த கிரேஸ் கோல்டன் கிளேட்டன் என்ற சகோதரியின் உள்ளம் உருகியது. அவருடைய தகப்பனாரும் அப்போது உயிரோடில்லை. "இந்தத் தகப்பன்மாரை நினைத்து ஓர் ஆராதனை நடத்துங்கள்" என்று தம் மெதடிஸ்ட் சபைப் போதகரிடம் கேட்டுக்கொண்டார். 1908 ஜூலை 5 ஞாயிறன்று அது நடந்தது. ஆனால் வெளியே பரவவில்லை.

அடுத்த ஆண்டு, 1909-ல், நாட்டின் மறுகோடியில் வாஷிங்டன் மாகாணத்து ஸ்போகேன் நகரில், சொனோரா ஸ்மார்ட் டாட் என்ற சகோதரி ஆலயத்தில் அன்னையர் தினப் பிரசங்கம் கேட்டார். "அம்மாவுக்கு ஒரு நாள், அப்பாவுக்கு இல்லையா?" என்ற எண்ணம் அவருக்கு வந்தது. காரணம் இருந்தது. அவருக்குப் பதினாறு வயதானபோது தாயார் பிரசவத்தில் இறந்துபோனார். தகப்பனார் வில்லியம் ஸ்மார்ட், உள்நாட்டுப் போரில் சேவித்த ஒரு விவசாயி. ஆறு பிள்ளைகளையும் அவரே வளர்த்தார்.

தகப்பனாரின் பிறந்தநாளான ஜூன் 5-ல் அனுசரிக்கலாம் என்று சொனோரா கேட்டார். பிரசங்கம் ஆயத்தம்பண்ண அவகாசம் வேண்டும் என்றார்கள் போதகர்கள். ஆகவே 1910 ஜூன் 19 குறிக்கப்பட்டது. தகப்பன் உயிரோடிருந்தால் சிவப்பு ரோஜா, மரித்திருந்தால் வெள்ளை ரோஜா அணிந்தார்கள்.

அன்னையர் தினத்துக்கு 1914-லேயே அரசு அங்கீகாரம் கிடைத்தது. இதற்கோ, கேலி பேசியவர்கள் பலர். 1930-களில் ஆண்கள் உடை வியாபாரிகள் இதை விற்பனை நாளாக்க முனைந்தது உண்மைதான். கடைசியில் 1972-ல், ஜனாதிபதி நிக்சன் காலத்தில், சட்டமாயிற்று. அதைக் கண்ணாரக் கண்ட சொனோரா அம்மையார், 1978-ல் 96-ம் வயதில் மரித்தார்.

இதில் நமக்குள்ள பாடங்கள்:

1. உயிரோடிருக்கும்போதே கனம்பண்ணுங்கள். சிவப்பு ரோஜா என்றைக்காவது வெள்ளையாகும். "அப்பா, சாப்பிட்டீங்களா?" என்று இன்றைக்கே கேளுங்கள். ஒரு சட்டையை வாங்கிக் கொடுத்துவிட்டு, வருஷம் முழுவதும் பேசாதிருந்தால் அது கனம் அல்ல.

2. தகப்பன்மாரே, வில்லியம் ஸ்மார்ட் பிரசங்கியார் அல்ல, பெரிய மனுஷரும் அல்ல. பிள்ளைகளை விட்டு ஓடாமல் நின்றார். அதைத்தான் மகள் மறக்கவில்லை. உங்கள் மகள் எதை நினைவில் வைப்பாள்?

3. முதல் ஆராதனை தகப்பனை இழந்தவர்களை நினைத்து நடந்தது. நாமோ அன்று தகப்பன்மாரை மேடைக்கு அழைத்துக் கைதட்டுகிறோம். அதே வேளையில் பின் வரிசையில் தகப்பனில்லாத பிள்ளை தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும். குடிவெறியால் தகப்பன் இருந்தும் இல்லாத பிள்ளையும் இருக்கும். யாக்கோபு 1:27-ஐ வாசித்துப் பாருங்கள். இந்த ஞாயிறு அப்படிப்பட்ட ஒரு பிள்ளையை உங்கள் வீட்டுப் பந்தியில் உட்கார வையுங்கள்.

வீட்டு ஜெபத்தில் பேசிக்கொள்ள: நம் தெருவில் தகப்பனில்லாத பிள்ளைகள் யார்? அவர்கள் பெயர் நமக்குத் தெரியுமா?

கர்த்தர் தாமே உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.