திரும்பி வரும் வழி அவள் கையில்



இந்த மாதக் குழுக் கூட்டத்தில் வாசித்துப் பேச ஒரு விஷயம். படிப்பு முடித்த மகளுக்குச் சென்னையில் பத்து நாள் வேலைப் பயிற்சி. அல்லது, நுங்கம்பாக்கம் அன்னை தெரசா மகளிர் வளாகத்தில் குழுவின் பொருளை விற்க ஓர் இளம் உறுப்பினர் போக வேண்டும். கூடப் போக ஆள் இல்லை. "பொம்பளப் புள்ளைய ஒத்தையில எப்படி அனுப்புறது?" என்று ஒரு கேள்வி வருகிறது. பல வாய்ப்புகள் அந்தக் கேள்வியோடு வாசலிலேயே நின்றுவிடுகின்றன.

பயம் நியாயமானதுதான். 2000க்குப் பிந்தைய வருடங்களில் நம் தென்மாவட்டக் கிராமங்களுக்குப் புரோக்கர்கள் வந்தார்கள். 'சுமங்கலித் திட்டம்' என்று சொல்லி கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளுக்கு இளம்பெண்களைச் சேர்த்துவிட்டார்கள். மூன்று வருடம் முடித்தால்தான் மொத்தப் பணம். இடையில் வந்து, பணம் கிடைக்காமல் போனவர்கள் பலர். விடுதியை விட்டு வெளியே போகவும் கட்டுப்பாடு.

அந்தப் பெண்களுக்குத் துணைக்கு ஆள் இருந்தது. நினைத்தபோது திரும்பி வர வழிதான் இல்லை. ஆகவே மகளை அனுப்பும்முன் நாம் பார்க்க வேண்டியது, திரும்பி வரும் வழி அவள் கையில் இருக்கிறதா என்பதுதான்.

1. வேலையை விசாரியுங்கள்

நிறுவனத்தின் பெயர், முகவரி, வேலை நேரம், சம்பளம் எல்லாம் எழுத்தில் வாங்குங்கள். வேலை தர முன்பணம் கேட்டால் ஏமாற்று என்று நினையுங்கள். சான்றிதழ் நகலை மட்டும் கொடுங்கள், ஒரிஜினல் வேண்டாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் பாலியல் தொல்லை குறித்த புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம்.

2. ரயில் பயணம்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டிலும் நிற்கும் பொதிகை எக்ஸ்பிரஸ் இரவுப் பயணமாகச் சென்னை போகிறது. 60 நாள் முன்பிருந்தே முன்பதிவு செய்யலாம். நீண்ட தூர ரயில்களின் ஸ்லீப்பர் வகுப்பில் பெண்களுக்கென ஆறு படுக்கை ஒதுக்கீடு உண்டு, கேட்டு வாங்குங்கள். டிக்கெட்டில் எழும்பூர் என்றிருக்கிறதா, தாம்பரம் என்றிருக்கிறதா பாருங்கள். இருட்டோடு போய் இறங்கினால், விடியும்வரை பெண்கள் காத்திருப்பு அறையில் இருக்கட்டும்.

டிக்கெட்டில் ஏதாவது பிரச்சினை என்றாலும், தனியாக வரும் பெண்ணை இரவில் ரயிலை விட்டு இறக்கக் கூடாது. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டமே அப்படிச் சொல்கிறது. இதை அவளுக்குச் சொல்லி அனுப்புங்கள்.

3. தங்கும் இடம்

கிளம்பும்முன்பே முடிவாக வேண்டும். பெண்கள் விடுதி எதுவானாலும் 2014ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டப்படி உரிமம் பெற்றிருக்க வேண்டும். "உரிமம் இருக்கா?" என்று தயங்காமல் கேளுங்கள். வேலைக்குப் போகும் பெண்களுக்காக அரசு நடத்தும் 'தோழி' விடுதிகளிலும் இடம் விசாரிக்கலாம்.

4. பணமும் போனும்

திரும்பி வருவதற்கான பணம் தனியாக, அவள் பையில் இருக்கட்டும். கையில் இல்லை என்றால் குழுவில் உள்கடன் எடுங்கள். இதுவும் தொழிலுக்கான செலவுதான். போன் சார்ஜ் தீர்ந்துபோகலாம். அதனால் வீட்டு நம்பர், குழுத் தலைவி நம்பர் இரண்டையும் தாளில் எழுதிக் கொடுங்கள். அதோடு இவையும் மனப்பாடமாக இருக்கட்டும்:

- அவசர உதவி: 112
- பெண்கள் உதவி: 181
- ரயில் உதவி: 139

5. ஒத்திகை பாருங்கள்

சென்னைக்கு முன்னால் மதுரை. ஒரு நாள் தனியாக பஸ் ஏறி, இடம் விசாரித்து, ஒரு வேலையை முடித்துவிட்டு இருட்டும்முன் வரட்டும். வழி கேட்கும்போது போலீஸ்காரர், கண்டக்டர், கடைக்காரர் என்று பொறுப்பான ஆளிடம் கேட்கச் சொல்லுங்கள். கூட்டிப் போகிறேன் என்று தானாக வருபவரோடு போகக் கூடாது.

கடைசியாக ஒன்று. "பிடிக்கலேன்னா வந்துரு தாயி, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்" என்று வாய்விட்டுச் சொல்லி அனுப்புங்கள். திட்டு விழும் என்று பயந்தே, கஷ்டத்தை வீட்டில் சொல்லாத பிள்ளைகள் உண்டு.

குழுவில் பேசுவோம்

- நம் குழுவில் வெளியூர் வேலைக்குப் போய் வந்தவர் யார்? அவருக்கு எது கஷ்டமாக இருந்தது?
- மகனை அனுப்பும்போது இதையெல்லாம் விசாரிக்கிறோமா?
- பயணச் செலவுக்கு உள்கடன் தர நம் குழு தயாரா? தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.