1080 அல்ல, 180

போட்டித் தேர்வு எழுதுகிறவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு ஷார்ட்கட் ஓயாமல் சுற்றுகிறது. எண்களின் பெருக்கற்பலன் = மீ.பெ.கா. × மீ.சி.ம. இரண்டு எண்கள் வரை இதில் ஒரு குற்றமும் இல்லை. அதன் கீழே யாரோ ஒரு புண்ணியவான் 'எத்தனை எண்ணுக்கும் பொருந்தும்' என்று ஒட்டுப்போட்டு அனுப்பிவிட்டார். இப்போது கணக்கு நடத்துகிறவர்களே அந்த ஒட்டோடு சேர்த்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பொருந்தாது ஐயா. மூன்று எண்ணுக்கே பொருந்தாது.

வழக்கமான மணிக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். மூன்று மணிகள் 12, 18, 30 நிமிடங்களுக்கு ஒருமுறை அடிக்கின்றன. காலை 6 மணிக்குச் சேர்ந்து அடித்தன. அடுத்து எப்போது சேரும்? மீ.பெ.கா. 6, மூன்றையும் பெருக்கினால் 6480. ஷார்ட்கட்காரர் 6480-ஐ 6-ஆல் வகுத்து, 1080 நிமிடம், அதாவது நள்ளிரவு 12 மணி என்று குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவார். உண்மையான மீ.சி.ம. 180. காலை 9-க்கே மணிகள் சேர்ந்து அடித்தாயிற்று.

இதைவிடக் கொடுமை, சரிபார்த்தாலும் தப்பு அகப்படாது. 1080-ஐ 12, 18, 30 மூன்றும் மீதியில்லாமல் வகுக்கும். நள்ளிரவிலும் மணிகள் சேரத்தான் செய்யும், ஆறாவது தடவையாக! இந்த ஷார்ட்கட் தரும் எண் எப்போதுமே ஏதோ ஒரு பொது மடங்காக இருக்கும். மீச்சிறியதாக இருக்கும் என்பதற்குத்தான் உத்தரவாதம் இல்லை.

ஏன் என்று கேட்கிற பொறுமை இருந்தால் சொல்கிறேன். 12 = 2 × 2 × 3. 18 = 2 × 3 × 3. பகா எண் 2, முதலாவதில் இரண்டு முறை, அடுத்ததில் ஒரு முறை. குறைந்தது மீ.பெ.கா.வுக்குப் போகும், கூடியது மீ.சி.ம.வுக்குப் போகும். 3-க்கும் அதே பங்கீடு. மிச்சம் எதுவும் இல்லாததால் 6 × 36-உம் 12 × 18-உம் ஒரே 216. இப்போது 30-ஐச் சேருங்கள். ஒவ்வொரு பகா எண்ணுக்கும் மூன்று அடுக்குகள் வந்துவிட்டன. குறைந்ததற்கு இடம் உண்டு, கூடியதற்கு இடம் உண்டு, நடுவில் நிற்பதைக் கேட்பாரில்லை. நம் கணக்கில் அப்படி விடுபட்டவை ஒரு 2, ஒரு 3. பெருக்கினால் 6. 1080-ஐ 180-ஆல் வகுத்தாலும் அதே 6.

பிறகு இந்தப் பொய் எப்படிப் பிழைத்துக் கிடக்கிறது? கரும்பலகையில் எழுதுகிற உதாரணம் 2, 3, 5 என்பதால். எந்த இரண்டை எடுத்தாலும் 1 தவிரப் பொதுக் காரணி இல்லாத எண்களில் நடு அடுக்கு எல்லாம் பூஜ்யம். விதி பிழையில்லாமல் நடக்கும். 12, 18, 30 போட்டுக் காட்டியிருந்தால் அன்றைக்கே செத்திருக்கும்.

சூத்திரம் இல்லாமல் தூக்கம் வராதவர்களுக்கு: மூன்றின் பெருக்கற்பலனை மூன்றின் மீ.பெ.கா.வால் பெருக்கி, இரண்டிரண்டாக எடுத்த மூன்று மீ.பெ.கா.க்களின் பெருக்கற்பலனால் வகுக்க வேண்டும். 6480 × 6 ÷ 216 = 180. இதை உருப்போடுவதைவிட 12, 18-க்கு 36 கண்டு, 36, 30-க்கு 180 காண்பது மேல்.

மற்றவை சில்லறை. சார்பகா எண்கள் என்றால் இரண்டும் பகா எண்களாக இருக்க வேண்டியதில்லை. 8, 15 போதும். 6, 8-இன் மீ.சி.ம. 48 அல்ல, 24. பொதுக் காரணிகளைக் காண இரண்டு நீளப் பட்டியல் போட்டு வட்டமிட வேண்டாம். மீ.பெ.கா.வின் காரணிகளே பொதுக் காரணிகள். 48, 72-க்கு 24-இன் காரணிகளை எழுதினால் முடிந்தது.

'பகா காரணிப்படுத்தாமல் மீ.பெ.கா. காண முடியாது' என்கிற நம்பிக்கையை மட்டும் அப்படி விட முடியவில்லை. 1147, 1271-ஐக் கொடுத்தால் 2, 3, 5, 7 என்று தட்டிப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் பேனாவை வைத்துவிடுகிறார்கள். 1271-ஐ 1147-ஆல் வகுத்தால் மீதி 124. 1147-ஐ 124-ஆல் வகுத்தால் மீதி 31. 124-ஐ 31 மீதியின்றி வகுக்கிறது. விடை 31. யூக்ளிட் சுமார் 2300 ஆண்டுகளுக்கு முன் எழுதிவைத்த வழி. ஆரியபட்டர் 499-இல் தந்த குட்டக முறையும் இதே தொடர் வகுத்தலில்தான் தொடங்குகிறது. சிறிய எண்ணின் இலக்கங்களின் எண்ணிக்கையைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் வகுத்தல் தேவைப்படாது என்று 1844-இல் லாமே நிறுவினார்.

காரணிப்படுத்துவது எவ்வளவு கடினம் என்பதை நம்பித்தான் இணையத்தின் ஆர்எஸ்ஏ என்னும் குறியாக்கப் பூட்டே நிற்கிறது. 2012-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் இணையத்தில் திரட்டிய பொதுச் சாவிகளுக்குள் மீ.பெ.கா. கண்டார்கள். ஆயிரக்கணக்கான சாவிகள் பகா எண்களைப் பகிர்ந்துகொண்டிருந்தன. எதையும் நேரடியாகக் காரணிப்படுத்தாமலே அவை உடைந்தன.

பாடநூலில் யூக்ளிட் இருக்கிறார். வகுப்பறையில்தான் காரணிச் செடி வரைந்தே நேரம் தீர்ந்துவிடுகிறது. ஆறாம் வகுப்பில் மீ.பெ.கா.வை அறிமுகப்படுத்தும் அதே வாரத்தில் இந்தத் தொடர் வகுத்தலையும் சொல்லிக்கொடுங்கள். வகுத்து மீதி காணத் தெரிந்த பிள்ளை அதற்கு மேல் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை.